ஒரே படி, மூன்று ஊர்: சென்னை, கோவை, மதுரையில் மத்திய அரசு ஊழியரின் போக்குவரத்துக் கணக்கு

மத்திய அரசு ஊழியருக்குத் தரப்படும் போக்குவரத்துப்படிக்கும் அவர் தினமும் கடக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. ரசீதும் கேட்பதில்லை. ஊதிய நிலை என்ன, அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் பார்த்துத் தொகை விழும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையில் வந்த ஆணைப்படி, லெவல் 3 முதல் 8 வரை உள்ளவர்களுக்குப் பெருநகரப் பட்டியலில் உள்ள ஊர் என்றால் 3,600 ரூபாய், மற்ற ஊர்களில் 1,800. லெவல் 9-ம் அதற்கு மேலும் 7,200, 3,600. லெவல் 1, 2-க்கு 1,350, 900. இவற்றின் மேல் அகவிலைப்படியும் சேரும்.

பட்டியலில் நாடு முழுக்க 19 ஊர்கள். தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மட்டும். மதுரை, திருச்சி, சேலம் எல்லாம் ‘மற்ற ஊர்’தான். 2025 ஜூலை முதல் அமலான 58 சதவீத அகவிலைப்படியோடு கணக்கிட்டால், ஒரு லெவல் 4 குமாஸ்தாவுக்குச் சென்னையிலும் கோவையிலும் 5,688 ரூபாய், மதுரையில் 2,844. வீடு எங்கே என்பது கணக்கில் வராது. சென்னையில் குடியிருந்து காஞ்சிபுரம் அலுவலகத்துக்குப் போய் வருபவருக்கு 2,844. நுங்கம்பாக்கத்தில் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவருக்கு 5,688. தாம்பரம், ஆவடி அலுவலகங்கள் சென்னைப் பெருநகரத் தொகுப்புக்குள் வருவதால் அங்கும் முழு விகிதம்.

இந்தப் படிக்கு 2018-19 முதல் தனி வரிவிலக்கு கிடையாது. ஆனாலும் புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், லெவல் 8-ல் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூட படி முழுசாகக் கைக்கு வரும். வந்த பணத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்தந்த ஊரில் அரசு எதைக் கட்டியிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

சென்னையில் புறநகர் ரயிலை எதுவும் நெருங்க முடியாது. மாத சீசன் ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணத்துக்குள் முடிந்துவிடும். தாம்பரம்–கடற்கரை இரண்டாம் வகுப்பு என்றால் சில நூறு ரூபாய்தான். மூன்று மாத சீசன் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, அதாவது 10 சதவீதம் மிச்சம். அரையாண்டு 5.4, ஓராண்டு 10.8 மடங்கு. வகுத்துப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் போனால் கூடுதல் தள்ளுபடி ஒரு பைசா இல்லை. பாதியில் மாற்றல் வந்தால் மிச்ச நாளுக்குப் பணமும் திரும்பாது. தொலைத்தால் நகல் கிடையாது. ஆகவே மாற்றல் வாய்ப்புள்ள வேலையில் ஓராண்டு சீசன் எடுப்பதில் அர்த்தமில்லை. மூன்று மாதமே சரியான அளவு.

நிலையத்திலிருந்து அலுவலகம் வரைக்கும் மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் போதும். ஏ.சி. பேருந்தும் வேண்டும் என்றால் 2025 மார்ச்சில் வந்த 2,000 ரூபாய்ப் பாஸ். சீசனும் 1,000 ரூபாய்ப் பாஸும் சேர்ந்தால் மாதம் 1,400 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 4,300-க்கு அருகில்.

மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். கியூ.ஆர். டிக்கெட்டிலோ சிங்காரச் சென்னை பயண அட்டையிலோ போனால் 20 சதவீதம் குறைந்து 40. மாதம் 22 வேலைநாள், 44 பயணம் என்றால் 1,760 ரூபாய். ரயிலை விட அதிகம்தான், ஆனால் நேரத்துக்கு வரும், வேர்க்காது. பயணம் கட்டணத்தின் உச்சப் படியைத் தொடாத தூரம் என்றால் செலவு இன்னும் இறங்கும்.

கோவையில் படி சென்னையின் அளவு. ஆனால் வீட்டு வாடகைப்படி சென்னையில் 30 சதவீதம், கோவையில் 20. ஒரு பட்டியலில் பெருநகரம், இன்னொன்றில் அடுத்த படிநிலை. புறநகர் ரயில் என்று சொல்ல மேட்டுப்பாளையம் தடம்தான் உருப்படியாக இருக்கிறது. மற்றவர்களுக்கு டவுன் பஸ் அல்லது பைக். தினம் 40 கி.மீ. என்றால் மாதம் 880 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டியில் ஏறத்தாழ 19.6 லிட்டர். 101 ரூபாய் விலையில் 1,975. டயர், ஆயில், பிரேக், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் கி.மீ.க்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் மொத்தம் 2,855. பெட்ரோலை மட்டும் எண்ணி ‘பைக்தான் சல்லிசு’ என்பவர்கள் இந்த 880-ஐ மறந்துவிடுகிறார்கள். அது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும். மிச்சம் 2,800-ஐ ஒட்டி, அதாவது சென்னை ரயில் பயணியைவிட 1,500 ரூபாய் குறைவு.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அவிநாசி சாலையிலேயே தெரிகிறது. அதே சாலையில்தான் மெட்ரோவின் முதல் தடம் திட்டமிடப்பட்டது. மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டிய 10.1 கி.மீ. மேம்பாலம் 1,791 கோடி ரூபாயில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது, கி.மீ.க்கு சுமார் 177 கோடி. கோவை மெட்ரோவின் மதிப்பீடு 39 கி.மீ.க்கு 10,740 கோடி, கி.மீ.க்கு 275. அடுத்த மாதமே மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கை கேட்கும் 20 லட்சம் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பாலம் மலிவு, சீக்கிரம் கிடைத்தது, சிக்னல்களையும் தாண்டவைத்தது. ஆனால் கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை முழுசாகப் போகும் வண்டிக்காரருக்குத்தான் அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். இடையில் நிறுத்தங்களில் ஆள் ஏற்றும் டவுன் பஸ் கீழேதான் போக வேண்டும். பைக் செலவும் பாலத்தால் ஒன்றும் பாதியாகிவிடாது. மக்கள்தொகை அளவுகோலை நகரத்தின் வளர்ச்சிக்கு ஏற்ப எடுத்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். 2011-க்குப் பின் ஊர் சரவணம்பட்டி பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும்.

மதுரைக்கு இரட்டை அடி. 32 கி.மீ., 11,360 கோடி மெட்ரோ திட்டமும் அப்போதே திரும்பியது. படியும் பாதி. அதே 40 கி.மீ. பைக் பயணத்துக்கு 2,855 செலவு, வருவது 2,844. கையைக் கடிக்கிறது. ஊருக்குள்ளேயே 20 கி.மீ. ஓட்டுபவருக்கு 1,430 போக அவ்வளவே மிஞ்சும். திருமங்கலம், மேலூர் போன்ற இடங்களில் வீடு வைத்து மதுரை அலுவலகத்துக்கு வருபவர்களுக்கே இந்த விகிதம் பாரமாகிறது.

பெண் ஊழியர்களுக்கு இந்த வரிசையே மாறிவிடும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. கோவையில் டவுன் பஸ்ஸிலேயே போய்வருபவருக்கு 5,688-ம் அப்படியே நிற்கும். சென்னையில் சீசன் செலவு மட்டும். மதுரையிலும் 2,844 மிச்சமே. கஷ்டம், சாதாரணப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான்.

அலுவலக வாகனமா, பணமா என்ற கேள்வியும் உண்டு. அரசு வாகன வசதி பெறுபவருக்குப் படி கிடையாது. அலுவலகப் பேருந்தில் ஏற ஒப்புக்கொள்வதென்றால் மாதம் 5,688-ஐ விடுகிறோம் என்று அர்த்தம். ரயில், பேருந்து இணைப்பே இல்லாத இடத்தில் மட்டும் அது கட்டுப்படியாகும். அலுவலகக் காருக்கு உரிமையுள்ள லெவல் 14 முதல் மேல் உள்ள அதிகாரிகள் காருக்குப் பதில் 15,750-ம் அகவிலைப்படியும் கேட்டுப் பெறலாம், 58 சதவீதக் கணக்கில் 24,885. அவர்கள் 30 சதவீத வரி அடுக்கில் இருப்பதால் கைக்கு 17,100 போல வரும். வீட்டிலிருந்து அலுவலகம் வரை அலுவலக வாகனத்தில் போவதோ வரிக்கு உட்படாது. டிரைவர் வைத்து ஓட்டுகிறவருக்கு 17,100 சம்பளத்துக்கே பற்றாது. பக்கத்தில் குடியிருந்து தானே ஓட்டுகிறவருக்குப் பணம் நல்லது.

சம்பளப் பட்டியலில் பணம் நழுவும் இடங்கள் சில. ஒரு காலண்டர் மாதம் முழுவதும் வேலைக்கு வராவிட்டால் அந்த மாதப் படி இல்லை. ஆகஸ்ட் 1 முதல் 31 வரை விடுப்பு எடுத்தால் 31 நாளில் 5,688 போச்சு. ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 30 வரை 60 நாள் எடுத்து, ஜூலை 1-ம் ஆகஸ்ட் 31-ம் வேலைக்கு வந்திருந்தால் ஒன்றும் போகாது. நீண்ட விடுப்பைத் திட்டமிடும்போது ஒரு நாள் முன்பின் தள்ளுவது இதற்காகவே.

அடுத்தது 24,200. லெவல் 1, 2-ல் இருப்பவரின் அடிப்படைச் சம்பளம் அதைத் தொட்டதும் பட்டியல் ஊரில் 3,600, மற்ற ஊரில் 1,800 விகிதத்துக்கு மாற வேண்டும். லெவல் 2-ல் 23,800-லிருந்து 24,500-க்கு ஏறும் மாதம் அது. சம்பள உயர்வு 700, ஆனால் சென்னையில் படி 2,133-லிருந்து 5,688 ஆகும். தானாக மாறியிருக்கும் என்று இருந்துவிடாமல் அந்த மாதச் சீட்டைப் பார்த்து, இல்லையென்றால் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து நிலுவையைக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி ஊழியருக்கு இரட்டிப்பு விகிதம், குறைந்தது 2,250-ம் அகவிலைப்படியும். மதுரையில் லெவல் 1-ல் 900-ன் இரட்டிப்பு 1,800தான் என்பதால் 2,250 விகிதமே பொருந்தும், 3,555 ரூபாய். இதில் மாதம் 3,200 வரை வரிவிலக்கு 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையிலும் இருந்தது. வரி பிடித்தம் செய்பவர் இதைக் கழிக்காமல் விட்டிருந்தால் கணக்குத் தாக்கலில் கோரிப் பெறலாம்.