ஹப் மோட்டாரா, மிட் டிரைவா? செயின் தேய்மானத்தை வைத்து ஓர் அலசல்

வேலைக்குப் போய்வரவும், விடுமுறை நாளில் மண்பாதையில் ஓட்டவும் ஒரே மின்சைக்கிள் தேடினால், தேர்வு கடைசியில் மோட்டார் இருக்கும் இடத்தில் வந்து நிற்கும். பின்சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருந்தால் மிட் டிரைவ். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் வாங்கியது ஹப். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

டிஸ்க் பிரேக், 50 மி.மீ. அகல டயர், மட்கார்டு எல்லாம் இரண்டிலும் கிடைக்கும். பேட்டரிக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 500 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவானால் 50 கி.மீ. ஓடும்.

மிட் டிரைவின் பலம் நிஜமானது. மோட்டாரின் விசை கியர் வழியாகப் போவதால், சின்ன கியரில் செங்குத்தான மேட்டையும் நிதானமாக ஏறிவிடும். எடை நடுவில், தாழ்வாக இருப்பதால் கரடுமுரடான பாதையில் வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் விளம்பரத்தில் போடும் நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. மிட் டிரைவில் 60 என்பது பெடல் அச்சில் கிடைப்பது. முன்னே 42 பல், பின்னே 14 பல் கியரில் போகும்போது அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 20தான். ஹப்பில் சொல்லும் எண் நேராகச் சக்கரத்தில் இறங்குவது. சமதளச் சாலையில் ஹப் சளைக்காமல் ஓடுவது இதனால்தான்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு, அதிலும் செயின். மிட் டிரைவில் கால் கொடுக்கும் விசையும் மோட்டார் கொடுக்கும் விசையும் ஒரே செயினில்தான் போகின்றன. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகரத்தில், கியரைக் குறைக்காமல் மிதித்தால் ஒவ்வொரு முறையும் அந்தச் செயின்தான் அடி வாங்கும். தேய்ந்த செயினை மாற்றாமல் ஓட்டினால் கேசட் எனும் பின்பல்சக்கர அடுக்கும் முன்பல்சக்கரமும் கூடவே போய்விடும். ஹப்பில் செயினுக்குக் கால் விசை மட்டும்தான்; சாதாரண சைக்கிள் செயின் போலவே உழைக்கிறது. த்ராட்டில் உள்ள வண்டியென்றால் செயின் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்.

எதை வாங்கினாலும் செயினை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பழகுங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அதில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் தேய்மானம் 0.5 சதவீதம். பின்னே 11, 12 கியர் உள்ள வண்டியின் செயினை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. 10 கியர் வரையிலான செயின் 0.75 வரை தாங்கும்.

ஹப்பின் பெரிய தொல்லை பின்சக்கரப் பஞ்சர். ஒயர் இணைப்பைக் கழற்றி, பெரிய ஸ்பேனரால் அச்சு நட்டைத் தளர்த்தி, வாஷர்களை வரிசை மாறாமல் திரும்பப் பூட்ட வேண்டும், சக்கரமும் கனம். சின்னப் பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்: டயரின் ஒரு ஓரத்தை மட்டும் பிரித்து, டியூபை வெளியே இழுத்து, ஒட்டுப் போட்டுவிடலாம். பஞ்சர் தாங்கும் உட்பட்டை உள்ள டயரைப் போட்டுவிட்டால் அந்த வேலையும் அபூர்வமாகிவிடும். புது வண்டியில் முதல் சில வாரங்களுக்குப் பிறகு ஸ்போக்குகளின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஹப் என்று முடிவு செய்தால் டார்க் சென்சார் உள்ளதையே வாங்குங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெடல் சுற்றுவதை மட்டும் கவனிக்கும் கேடன்ஸ் சென்சார், லேசாகச் சுற்றினாலே மோட்டாரை முடுக்கிவிடும். சரளை மண்ணில் பின்சக்கரம் வழுக்கும். டார்க் சென்சார் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப விசை கொடுக்கும். ஹப்புக்குள் கியர் உள்ள வகையா என்றும் கேளுங்கள். அதில் மோட்டார் அணைந்திருக்கும்போது சக்கரம் தடையில்லாமல் உருளும்.

நான் ஓட்டியது எல்லாம் மிதமான மேடுகள்தான். கிலோமீட்டர் கணக்கில் செங்குத்தாக ஏறும் பாதைக்கு என் பரிந்துரையை எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வேகம் குறையக் குறைய ஹப் மோட்டார் சூடாகும், பேட்டரியும் வீணாகும். அப்படிப்பட்ட பாதை உங்கள் அன்றாடப் பாதை என்றால் மிட் டிரைவை வாங்குங்கள், செயின் செலவையும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொண்டு.