ஹைப்பர்ஃபைன்: நிரலின் வேகம் அளக்க இனி எனக்கு இதுதான்

எங்கள் பெங்களூரு மாரத்தஹள்ளி அலுவலகத்தில் ஒரு பைத்தான் நிரல் இரண்டு நாள் வாக்குவாதத்தைக் கிளப்பியது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பில் கோப்புகளைப் படித்து ஒரே பட்டியலாக்கும் நிரல். என் விண்டோஸ் லேப்டாப்பில், டபிள்யூஎஸ்எல் 2-க்குள் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி), 41 விநாடி. பக்கத்து சீட் மதுரைத் தம்பியின் உபுண்டு லினக்ஸில் 10 விநாடி. "அண்ணா, லேப்டாப்பை மாத்துங்க" என்றான். இரண்டு பேருமே, ஓட எடுத்த நேரத்தைக் காட்டும் டைம் கட்டளையை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினோம்.

அப்புறம்தான் ஹைப்பர்ஃபைன் போட்டேன், ஒரு கட்டளையைப் பல தடவை ஓட்டி நேரம் அளக்கும் கருவி. ரஸ்ட் மொழியில் எழுதியது, இலவசம், லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் குறைந்தது 10 தடவை ஓட்டி, சராசரி, விலகல், குறைந்த நேரம், அதிக நேரம் எல்லாவற்றையும் காட்டுகிறது.

உபுண்டுவில் முதல் ஓட்டம் மட்டும் 10 விநாடி, மற்றதெல்லாம் 6-ஐ ஒட்டியே. முதல் தடவை டிஸ்கிலிருந்து படிக்கிறது, அடுத்த தடவைகளில் கோப்புகள் நினைவகத்திலேயே இருக்கின்றன. 'முதல் ஓட்டம் மெதுவாக இருக்கிறது, வார்ம்அப் வைத்துப் பாருங்கள்' என்று கருவியே எச்சரித்தது. வார்ம்அப் என்றால் அளப்பதற்கு முன் கணக்கில் சேராமல் சில தடவை சும்மா ஓட்டுவது. எனக்கு இதை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

என் லேப்டாப்பில் இன்னொரு விஷயம் தெரிந்தது. யூசர் நேரம், அதாவது பிராசசர் நிரலுக்காக உழைத்த நேரம், தம்பியுடையதற்குக் கிட்டத்தட்ட சமம், மொத்த நேரம் மட்டும் எங்கேயோ போகிறது. அப்படியென்றால் பிராசசர் வேலை செய்யவில்லை, காத்திருக்கிறது. கோப்புகள் விண்டோஸின் சி டிரைவில் இருந்தன. டபிள்யூஎஸ்எல் 2 அதை 9பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகத்தான் தொடும், ஒவ்வொரு கோப்பைத் திறப்பதற்கும் ஒரு நடை போய்வர வேண்டும். லினக்ஸ் பக்க ஹோம் ஃபோல்டருக்கு எல்லாவற்றையும் நகர்த்தினேன். 7 விநாடி. லேப்டாப் மேல் எந்தப் பழியும் இல்லை.

குறை உண்டு. விண்டோஸில் நேரடியாக ஓட்டினால் கட்டளை விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டி வழியாகப் போகிறது, அதனால் லினக்ஸில் எழுதிய வரியை அப்படியே ஒட்டினால் பல சமயம் உடையும். நினைவகத்தைக் காலி செய்து அளப்பதற்கு பிரிப்பேர் கட்டளையை (ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஓடுவது) நாமே எழுதித் தர வேண்டும். 5 மில்லிவிநாடிக்குக் கீழே முடியும் நிரல் என்றால் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் தொடங்கும் நேரமே கணக்கைக் குழப்பும். ஷெல் இல்லாமல் ஓட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் ஜேசன் கோப்பாக எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "சரிண்ணா, என் மெஷின்லயும் வார்ம்அப் வச்சே எடுக்கிறேன்" என்றான். அளப்பதற்கு முன் லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசசர் பல சமயம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.