குஞ்சுகளுக்குத் தண்ணீர் டப்பாவா, மண் தட்டா, நிப்பிளா? பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

எங்களிடம் இருப்பது சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி. அடை வைத்துத் தாயோடு விடும் குஞ்சும் உண்டு, இன்குபேட்டரில் பொரித்து, பல்புச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் அடைப்பான புரூடரில் வளரும் குஞ்சும் உண்டு. தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, மண் தட்டு, குழாயில் பொருத்தி அலகால் ஊசியைத் தொட்டால் சொட்டும் நிப்பிள் மூன்றையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்.

தண்ணீரால் குஞ்சு சாகிறது என்றால் மூழ்கித்தான் சாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அகலமான கிண்ணம் வைத்தால் அதுவும் நடக்கும். நான் அதிகம் பார்த்தது வேறு. குஞ்சு தண்ணீருக்குள் ஏறி, வயிறு நனைந்து, தானாகவே வெளியே வந்துவிடும். பார்த்தால் பிழைத்துக்கொண்டது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வயதில் அதற்கு இறகு இல்லை, வெறும் பூமயிர்தான். உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. முதல் வாரம் புரூடரில் 35 டிகிரி சூடு கொடுப்பதே அதனால்தான். நனைந்த குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, ஒரு மூலையில் நிற்கும். மற்ற குஞ்சுகள் மேலே ஏறி மிதிக்கும். ராத்திரி நனைந்தது விடியும்வரை தாங்குவது அபூர்வம். கண்ணில் பட்டவுடன் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பல்பு வெளிச்சத்தில் தனியாக வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மயிர் காய்ந்து, கத்த ஆரம்பித்த பிறகு தானே குடிக்கும்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: குஞ்சின் கால் தண்ணீருக்குள் போக வழி இருக்கிறதா?

முதல் இரண்டு வாரத்துக்கு டப்பாவைத்தான் சொல்வேன். அடித்தட்டில் தண்ணீர் நிற்கும் பள்ளம் விரல் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சில மாடல்களில் பள்ளம் அகலமாக இருக்கும். அப்படி வந்தால் பள்ளம் முழுக்கக் கூழாங்கல் போடுங்கள். கல் இடுக்கில் அலகு நுழையும், கால் நுழையாது. அடித்தட்டு சிவப்பாக இருந்தால் நல்லது, குஞ்சு தானாகத் தேடிப்போய்க் கொத்தும். புதிதாகக் கொண்டுவந்த குஞ்சு என்றால் நாலைந்தின் அலகை லேசாகத் தண்ணீரில் தொட்டுவிட்டால் போதும், மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். முதலில் தண்ணீர், அதன் பிறகுதான் தீவனம்.

டப்பாவில் யாரும் எச்சரிக்காத விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் பாதிக்குமேல் காலியான டப்பா வெயிலிலோ பல்புக்கு நேர் கீழேயோ இருந்தால், உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். பள்ளம் நிரம்பி, தரையில் பரப்பிய உமியெல்லாம் நனையும். டப்பாவில் மயிரிழை விரிசல் இருந்தால் இன்னும் மோசம், மொத்தத் தண்ணீரும் இறங்கிவிடும். டப்பா வைத்த பலகை கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் வழியும். ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி வீரியம் பெறுகிறது, அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விடவே முடியாது. டப்பாவைப் பல்பிலிருந்து தள்ளி, மட்டமான பலகை மேல் வைக்கிறேன். குஞ்சு வளர வளர, பள்ளத்தின் விளிம்பு அதன் முதுகு உயரத்துக்கு வரும்படி பலகைக்கு அடியில் ஓட்டுத் துண்டு வைத்து ஏற்றிக்கொண்டே போகிறேன். இந்த ஒன்றிலேயே தண்ணீருக்குள் உமி தள்ளுவதும் எச்சம் விழுவதும் பெரிதும் குறைந்துவிட்டது.

தாயோடு இருக்கும் குஞ்சுக்கு டப்பா சரிப்படாது. தாய் சீய்க்கிற சீய்ப்பில் உருண்டுவிடும். அங்கே மண் தட்டுதான். நடுவில் கனமான கல்லை வைத்து, சுற்றிலும் விரல் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் நிற்கவிடுகிறேன். கோழி கிளறினாலும் தட்டு அசையாது. மண் என்பதால் வெயில் காலத்தில் தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருக்கும். தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும், அது மட்டும்தான் வேலை.

நிப்பிள்? மூன்றாம் வாரத்திலிருந்து அருமை. உமி காய்ந்தே கிடக்கும், நனையும் பேச்சே இல்லை. சின்னக் குஞ்சுக்கு வாங்குவதென்றால் எந்தப் பக்கம் தொட்டாலும் சொட்டும் வகையை வாங்குங்கள். மேல்நோக்கித் தள்ளினால் மட்டும் சொட்டும் வகையைச் சின்னக் குஞ்சால் தள்ள முடியாது. எங்கள் போர்வெல் உப்புத்தண்ணீர். ஊசியில் வெள்ளையாகப் படிந்து சில நிப்பிள் அடைத்துக்கொள்ளும், சில ஒழுகும். கழற்றி வினிகரில் ஊறவைத்தால் சரியாகிறது. அடைத்த நிப்பிள் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது, காலையில் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இழுத்தால் சித்திரை வெயிலில் சுடுதண்ணீர்தான் வரும், குஞ்சு குடிக்காது. குழாயில் நிற்பதை மதியம் ஒருமுறை திறந்துவிடுகிறேன்.

நிப்பிளுக்கு மாறிய பிறகும் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் அது வேண்டும். அன்றைக்கு குளோரினோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ கலந்த தண்ணீர் ஆகாது, சோப்பு வாடையும் இருக்கக் கூடாது. முன்னதாக ஓரிரு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டு, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்த தண்ணீரில் மருந்தைக் கரைத்து, நாலைந்து டப்பாவில் பிரித்து வைத்தால் எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் குடித்து முடிக்கும். குழாயில் மருந்து விட்டால் எது எவ்வளவு குடித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.