பழைய ஸ்பிளிட் சீலைப் புதுசு என்று விற்கிறார்கள், உஷார்!

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷெட்டிலோ கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலோ மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஓடித் தேய்ந்த ஸ்பிளிட் சீலுக்கு (பம்ப்பின் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, நுழையும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கும் பாகம்) பாலிஷ் போட்டு, புதுப் பெட்டியில் வைத்து விற்கும் வியாபாரி ஒருவர் இந்தப் பக்கம் சுற்றுகிறார். எங்கள் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்.

எங்கள் பெரிய பம்ப்புக்கு 100 மி.மீ. ஷாஃப்ட். சாதாரண மெக்கானிக்கல் சீல் என்றால் கப்ளிங், பேரிங் எல்லாம் கழற்றி, ஷாஃப்ட் நுனி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஸ்பிளிட் சீல் இரண்டு பாதியாக வரும். ஷாஃப்டைச் சுற்றிப் பொருத்தி போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். விலை கூடத்தான், ஆனால் பம்ப் நிற்கும் நேரம் மிச்சம்.

ஓட்டிய அன்றே ஒழுக ஆரம்பித்தது. மாட்டும் முன்பே டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட் ஆட்டம் பார்த்திருந்தோம், சரியாகத்தான் இருந்தது. ஷாஃப்ட் மேல் போடும் உறையான ஸ்லீவும் புதுசு. அப்புறம் சீலைக் கழற்றிப் பார்த்தால், கார்பன் வளையத்தின் இரண்டு பாதியும் ஒரே வளையத்தைச் சேர்ந்தவையே இல்லை! பல சீல்களில் முழு வளையத்தை உடைத்துத்தான் இரண்டு பாதியாக்குகிறார்கள். உடைந்த இடத்தின் மேடுபள்ளம் அதனதன் ஜோடியோடு மட்டுமே பொருந்தும். சேர்த்துப் பிடித்து, உரசி அடைக்கும் பக்கமான ஃபேஸின் குறுக்கே நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. எங்களுடையதில் நகம் அப்படியே நின்றது. சீலை ஷாஃப்டோடு பிடித்து நிறுத்தும் செட் ஸ்க்ரூ நுனிகளும் ஏற்கெனவே ஏதோ ஷாஃப்டைக் கடித்து மழுங்கியவை.

போன் செய்தால், "நீங்க மாட்டினதுதான் சார் தப்பு" என்கிறார். பெட்டியோடு வந்த பில்லில் 'சீல் செட் 1' என்று மட்டும்தான் இருக்கிறது; சீரியல் நம்பர் இல்லை, ஃபேஸ் என்ன மெட்டீரியல் என்றும் இல்லை.

நம் பக்கம் ஒழுகல் என்பது தரையைக் கழுவிவிட்டால் தீர்கிற விஷயமா? தோல் ஷெட் கழிவுநீரால் பாலாறு கெட்டதை வைத்துத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்படி ஒரு பொருளை இங்கே வந்து விற்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

பணம் இன்னும் திரும்பவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. உங்களிடம் வந்தால் பெட்டியை அவர் எதிரிலேயே பிரித்து, நகம் வைத்துப் பார்த்து, சீரியல் நம்பர் போட்ட பில் கைக்கு வந்த பிறகே காசு கொடுங்கள்.