யூசர்டெல், டெல்யூசர்: பலர் புழங்கும் சர்வரில் கணக்கு நீக்கிய அனுபவம்

எங்கள் துறையில் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் பொது சர்வர் ஒன்று இருக்கிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் மாணவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லாருக்கும் அதில்தான் கணக்கு. வருஷா வருஷம் ஒரு பேட்ச் வெளியே போகும், அடுத்த பேட்ச் வந்து நிற்கும். கணக்கு தொடங்குவதற்கு வழிகாட்டி எழுதாதவர் இல்லை. நீக்குவதற்கு மட்டும் ஒரு வரிக் கட்டளையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வேலையைப் பல வருஷமாகப் பார்த்துவருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கருவி இரண்டு. யூசர்டெல் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. டெல்யூசர் டெபியன், உபுண்டு வகையறாவுக்கு உரியது. பெர்ல் மொழியில் எழுதிய உறை, உள்ளே யூசர்டெல்லைத்தான் கூப்பிடும். இரண்டுமே சும்மா ஓட்டினால் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவைத் தொடாது. யூசர்டெல்லில் மைனஸ் ஆர் போட்டால் ஹோமும் மெயில் பெட்டியும் காலி, திரும்பக் கிடைக்காது. டெல்யூசரில் பேக்கப் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. நீக்கப்போகும் கோப்புகளை முதலில் ஒரு டார் கோப்பாகக் கட்டிவைத்துவிடும். படிப்பு முடித்து ஆறு மாதம் கழித்து "சார், என் கோடு இருக்குமா?" என்று போன் வருவது வாடிக்கை. அதனால் என் ஓட்டு டெல்யூசருக்கு. ஒரு சின்ன எரிச்சல்: மிகக் குறைவான பேக்கேஜ்களோடு நிறுவிய டெபியனில் இந்த ஆப்ஷன்கள் வேலை செய்ய முழு பெர்ல் பேக்கேஜையும் தனியாகப் போடச் சொல்லும்.

எல்லாக் கோப்பையும் அழிக்கும் ரிமூவ் ஆல் ஃபைல்ஸ் ஆப்ஷனையும் டெல்யூசர் தருகிறது. அதன் பக்கமே போகாதீர்கள். டிஸ்க் முழுவதையும் துழாவுவதால் பெரிய சர்வரில் மணிக்கணக்கில் ஓடும் என்பதுகூடப் பரவாயில்லை. பொது ப்ராஜெக்ட் அடைவில் அந்த மாணவர் பெயரில் கிடக்கும் கோப்புகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். மீதி மூன்று பேர் அந்தக் கோப்புகளை நம்பித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நீக்கப் போகும்போது அடிக்கடி வரும் தடங்கல், இந்தப் பயனரை இன்ன எண் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்ற செய்தி. பெரும்பாலும், வெளியேறிய பிறகும் வேலையை ஓடவிடும் டீமக்ஸில் விட்டுப்போன ஜூபிட்டர் நோட்புக்காக இருக்கும். மைனஸ் எஃப் போட்டு வலுக்கட்டாயமாக நீக்கலாம்தான். ஆனால் கணக்கு போனபிறகும் அந்த ப்ராசஸ் பெயரில்லாத வெறும் எண்ணில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் பீகில் கட்டளை கொண்டு அந்தப் பயனரின் ப்ராசஸ்களை நிறுத்துவதுதான் சரி.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். லினக்ஸ் கோப்பில் உரிமையாளரின் பெயரை எழுதிவைப்பதில்லை, யுஐடி என்ற எண்ணைத்தான் எழுதிவைக்கிறது. கணக்கை நீக்கியபின், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை மைனஸ் எல் (சிறிய எழுத்து) சேர்த்து அடித்துப் பாருங்கள், பெயர் இருந்த இடத்தில் 1014 என்று மொட்டையாக நிற்கும். டெபியனில் கணக்கு தொடங்கும் கருவியான ஆட்யூசர் புதியவருக்கு எண் கொடுக்கும்போது 1000 முதல் 59999 வரை முதலில் எது காலியோ அதையே எடுக்கிறது. போனவரின் எண் வந்தவருக்கு. எங்கள் லேபிலேயே இது நடந்தது: புதிதாகச் சேர்ந்த ஒருவர் டேட்டா டிஸ்கில் ஓர் அடைவு தன் பெயரில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். தேதியோ அவர் சேர்வதற்கு முந்தையது. உள்ளே சீனியர் ஒருவரின் ஆய்வேட்டு வரைவு. மற்ற யாருக்கும் திறக்காத அடைவு, இவருக்கு மட்டும் தாராளமாகத் திறந்தது.

அதிலிருந்து எண்ணை நாங்களே கொடுக்கிறோம். 2021-ல் சேர்ந்தவர்களுக்கு 21001 முதல், 2022-க்கு 22001 முதல் என்று போகும். எந்த எண்ணும் இரண்டாம் கைக்குப் போகாது. நீக்கிய பிறகு ஃபைண்ட் கட்டளையை நோயூசர் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் அநாதையாகக் கிடப்பவை எல்லாம் வெளியே வரும். அவற்றை கைடு பெயருக்கு மாற்றிவிடுவோம். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இணைத்த டிஸ்குகளிலும் பொதுவாக எண்தான் பேசும் என்பதால் அங்கேயும் இதே வேலை உண்டு.

இப்போதெல்லாம் உடனே நீக்குவதே இல்லை. முதலில் பூட்டிவைத்துவிட்டு ஒரு செமஸ்டர் பார்ப்போம். பூட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கணக்கின் அமைப்பை மாற்றும் யூசர்மாட் கட்டளையின் மைனஸ் எல் (பெரிய எழுத்து), பாஸ்வேர்டின் மறைவடிவமான ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடுவதோடு சரி. பாஸ்வேர்ட் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் அதன்பிறகும் உள்ளே வந்துபோவார். கணக்கின் காலாவதித் தேதியையும் 1 என்று வைத்தால், அதாவது 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நாள்கணக்கில் ஜனவரி 2 என்று, அந்த வழியும் அடைபடும். யூசர்மாட்டின் கையேடான மேன் பக்கமே இதைச் சொல்கிறது, படிப்பவர்தான் குறைவு.

எண்ணுக்கு இவ்வளவு என்றால் பெயருக்கும் கொஞ்சம் உண்டு. ரூட் (நிர்வாகி) அதிகாரம் யாருக்கு என்று குறித்துவைக்கும் சூடோயர்ஸ் டி அடைவில் யாருக்காவது தனிக் கோப்பு போட்டுக் கொடுத்திருந்தால் கணக்கோடு சேர்ந்து அது போகாது, பெயரோடு அங்கேயே இருக்கும். எந்த பேட்சிலும் ஒரு கார்த்திக் இருப்பார். பழைய கார்த்திக்குக்குக் கொடுத்த ரூட் அதிகாரம் முதல் நாளே புதிய கார்த்திக் கைக்கு வந்துவிடும். லாகின் பெயரோடு ரோல் நம்பரையும் ஒட்டிவைக்கிறோம். பார்க்க அழகாக இல்லை என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள், படட்டும்.