பாயிண்ட் 32 ரிவால்வர் மேட்சுக்கு எந்த ரவுண்டு? கேஎஃப்பா, ஃபாரின் வாட்கட்டரா? குமரிக்காரங்களுக்கு ஒரு அலசல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் லைசென்ஸ் ரிவால்வர் வச்சிருக்க ஆட்கள்ல இப்ப ஒரு சில பேரு டார்கெட் ஷூட்டிங்குல இறங்குதாங்க, ரொம்ப சந்தோஷமா இருக்கு. அவங்க எல்லாரும் கேக்குதது ஒரே கேள்விதான், நம்ம நாட்டு கேஎஃப் ரவுண்டே (தோட்டா) போதுமா, இல்ல லாபுவா, ஃபியோக்கி, செல்லியர் அண்ட் பெல்லாட்னு வெளிநாட்டு வாட்கட்டர், அதாவது தட்டை முனை ரவுண்டு, தேடணுமான்னு. வெல கூடுனது நல்லதுன்னு ஒரு கூட்டம், நம்ம ரவுண்டுக்கு என்ன கொறச்சல்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் சொல்லுததுல பாதி சரி, மீதி பாதி உங்க கையப் பொறுத்தும் உங்க ரிவால்வரப் பொறுத்தும் இருக்கு, அதத்தான் கொஞ்சம் விரிவா சொல்லுதேன்.

முதல்ல மேட்ச் என்னன்னு தெரிஞ்சாதான் ரவுண்டப் பத்திப் பேச முடியும். மேட்ச் பேரு 25 மீட்டர் சென்டர் ஃபயர், மொத்தம் 60 ஷாட். முதல் 30 பிரிசிஷன், நிதானமா குறி பாத்துச் சுடுதது, அஞ்சு அஞ்சா ஆறு சீரிஸ், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம். அடுத்த 30 ரேப்பிட், வேகமா சுடுதது, டார்கெட் 3 செகண்ட் தெரியும், 7 செகண்ட் மறையும், தெரியுத நேரத்துல ஒரே ஒரு ஷாட். அந்த 7 செகண்டுல ஹாமரப் பின்னால இழுத்து வச்சிட்டு ரெடி பொசிஷனுக்கு வந்திரலாம், அதனாலதான் ரிவால்வர் வச்சும் இந்த மேட்ச்ச தாராளமா சுட முடியுது. ரெண்டு ஸ்டேஜுக்கும் மார்க்ல சேராத சைட்டிங் ஷாட் (குறி சரிபாக்குதது) அஞ்சஞ்சு சேத்தா 70 ரவுண்டு, அப்ப 50 ரவுண்டு பாக்ஸ் ஒண்ணு பத்தாது, ரெண்டு வேணும். இதுல 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியிலயும் 2006 தோஹாவுலயும் நம்ம நாட்டு ஷூட்டர் ஜஸ்பால் ராணா தங்கம் வாங்குனாரு, தோஹாவுல 600க்கு 590 அடிச்சு உலக சாதனையச் சமன் பண்ணுனாரு. அந்த மட்டத்துல ரவுண்டு ஒவ்வொண்ணும் கணக்குதான். நம்ம மட்டத்துல எவ்வளவு கணக்குன்னு கீழ பாப்போம்.

இப்ப ஆட்கள அறிமுகப்படுத்திருவோம். கேஎஃப்னா புனே பக்கத்துல கட்கி அம்யூனிஷன் ஃபேக்டரி, 1869ல ஆரம்பிச்சது, 2021 அக்டோபர்ல இருந்து முனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்குக் கீழ இருக்கு. அவங்க ரிவால்வர் ரவுண்டு பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெசன் லாங், ஈய புல்லட், முனை உருண்டை. அந்தப் பக்கம் பின்லாந்து லாபுவா 98 கிரெயின் (கிரெயின்ங்கது புல்லட் எடை அளவு), இத்தாலி ஃபியோக்கி 100 கிரெயின், செக் நாட்டு செல்லியர் அண்ட் பெல்லாட் 100 கிரெயின், மூணுமே தட்டை முனை வாட்கட்டர், புல்லட் முழுசும் கேஸுக்குள்ள (பித்தளைக் கூடு) அமுங்கி இருக்கும், வெளிய மூக்கே தெரியாது. கலிபர் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். பாயிண்ட் 32 ஏசிபின்னு பிஸ்டலுக்கு ஒரு ரவுண்டு இருக்கு, அதோட கேஸ் 17 மில்லிமீட்டர்தான், நம்ம ரிவால்வர் ரவுண்டு கேஸ் 23 மில்லிமீட்டர். பேருல 32 இருக்குன்னு ரெண்டையும் ஒண்ணா நெனச்சிராதீங்க, ஏசிபி பிரஷர் கூடுதல், பழைய வெப்ளி மாதிரி நடுவுல மடங்குத ரிவால்வர்ல அதப் போடவே கூடாது. கடையில வாங்குதப்ப பாக்ஸ்ல லாங்னு போட்டிருக்கான்னு நின்னு வாசிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

சரி, வாட்கட்டர்ல என்ன விசேஷம்? முதல் விசேஷம் ஓட்டை. உருண்டை முனை பேப்பரக் கிழிச்சுத் தள்ளிட்டுப் போவும், ஓட்டை ஓரம் பிஞ்சு நூல் நூலா நிக்கும், பாக்க புல்லட்ட விடச் சின்னதாவும் தெரியும். வாட்கட்டரோ ஆபீஸ்ல பேப்பர் பஞ்ச் பண்ணுத மாதிரி வட்டமா வெட்டி எடுக்கும். இது ஏன் முக்கியம்னா, புல்லட் விளிம்பு வளையக் கோட்டத் தொட்டாலே உள் வளைய மார்க் கெடைக்கும், சந்தேகம் வந்தா 9.65 மில்லிமீட்டர் கேஜ்னு ஒரு அளவுக் கருவிய ஓட்டையில சொருகிப் பாப்பாங்க. கிழிஞ்ச ஓட்டையில கேஜ் நடுவுல உக்காராது, ஒரு பக்கமா சரியும், அது உங்களுக்குச் சாதகமாவும் போவும் பாதகமாவும் போவும். வெட்டுன ஓட்டையில அந்தச் சண்டையே கெடையாது. அதே கேஜ்தான் எல்லா கலிபருக்குங்கதால, பெரிய ஓட்டை போட்டா மார்க் கூடும்னு நெனச்சு கலிபர் மாத்துததுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஆனா எலக்ட்ரானிக் டார்கெட் இருக்க ரேஞ்சுல இந்த ஓட்டை விஷயம் அப்படியே காணாமப் போயிரும், மெஷினுக்கு புல்லட் போன எடம்தான் கணக்கு, ஓட்டை அழகா இருக்கா இல்லையான்னு அது பாக்காது. நமக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரப் பயணத்துல திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்ச் இருக்கு, 2015 நேஷனல் கேம்ஸ் ஷூட்டிங் நடந்த எடம், பெரிய மேட்ச் நடக்குத எடம் எப்படி இருக்கும்னு பாக்க ஒரு தடவையாவது போயிட்டு வாங்க. நீங்க போவுத மேட்ச் பேப்பர்லயா மெஷின்லயான்னு முன்னாலயே கேட்டுக்கிடுங்க, ஓட்டைக்காக மட்டும் வாட்கட்டர் வாங்கணுமான்னு அதுலயே பதில் கெடச்சிரும்.

ரெண்டாவது, பிஸ்டல்காரங்க வாட்கட்டரே போடுததுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அது நமக்குப் பொருந்தாது. வால்தர், பார்டினி மாதிரி மேட்ச் பிஸ்டல்ல மேகசின் அளவே வாட்கட்டருக்குன்னு செஞ்சது, உருண்டை முனை ரவுண்டு நீளம் கூடுதல், அதுல ஏறாது. அவங்களுக்கு வேற வழியில்ல. ரிவால்வருக்கு மேகசினும் இல்ல ஃபீடிங்கும் இல்ல, சேம்பர்ல (சிலிண்டர்ல ரவுண்டு போடுத குழி) உக்காந்தா சுடும். அதனால "எல்லா சாம்பியனும் வாட்கட்டர்தான் சுடுதான்"னு யாராவது சொன்னா, அவரு கையில இருக்கது பிஸ்டலா ரிவால்வரான்னு கேளுங்க.

ரிவால்வருக்குன்னு வேற சிக்கல் இருக்கு. புல்லட் சேம்பர விட்டு வெளிய வந்து, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்க இடைவெளியத் தாண்டித்தான் பேரலுக்குள்ள ஏறணும். வாட்கட்டர் கேஸுக்குள்ள அமுங்கி இருக்கதால அது சேம்பர் வாய் வரைக்கும் கூடுதல் தூரம் சும்மா ஓடணும், உருண்டை முனை அந்த விஷயத்துல கொஞ்சம் முன்னாலயே நிக்குது. சேம்பர் வாய் புல்லட்ட விட லூசா இருந்தா, ஓடுத ஓட்டத்துல புல்லட் லேசா சாஞ்சிரும், குரூப் (ஓட்டையெல்லாம் விழுந்து கெடக்குத பரப்பு) விரியும். இங்கதான் ஹாலோ பேஸ் வாட்கட்டர் கைகொடுக்கும், அடிப்பக்கம் குழியா இருக்கும், வெடிக்கும்போது வாயு அழுத்தத்துல அந்தக் குழியோட ஓரம் விரிஞ்சு பேரல் சுவத்தோட ஒட்டிக்கிடும். தேஞ்ச பழைய பேரலுக்கு இது மருந்து. எல்லா வாட்கட்டரும் ஹாலோ பேஸ் கெடையாது, டீலர்ட்ட கேட்டு வாங்குங்க.

ஆறு சேம்பரும் ஒரே மாதிரி சுடும்னு நெனச்சிராதீங்க. சிலிண்டர்ல 1ல இருந்து 6 வரைக்கும் அழியுத மார்க்கர்ல நம்பர் போட்டு, மேசையில சாக்கு மூட்டை வச்சு கையத் தாங்கிக்கிட்டு, ஒவ்வொரு சேம்பருக்கும் தனி டார்கெட்ல அஞ்சு அஞ்சு ஷாட் போட்டுப் பாருங்க. எந்த சேம்பர் தூரமா போடுதுன்னு தெரிஞ்சிரும். சீரிஸுக்கு அஞ்சு ஷாட்தானே, அப்ப மோசமான அந்த ஒரு சேம்பர மேட்ச்ல காலியா விட்டுரலாம். ஃபாரின் பாக்ஸுக்குக் குடுக்குத காசுல கெடைக்குத லாபத்த விட, காசே செலவில்லாம இதுல கெடைக்குத லாபம் பெருசா இருக்க வாய்ப்பு உண்டு. ரிவால்வர் ஷூட்டர் ஒவ்வொருத்தரும் முதல்ல செய்ய வேண்டிய வேலை இதுதான்னு நான் உறுதியா சொல்லுவேன்.

இப்ப மெயின் கணக்குக்கு வருவோம். பிரிசிஷன் டார்கெட்ல 10 வளையம் 50 மில்லிமீட்டர் விட்டம், 9 வந்து 100, 8 வந்து 150. ஒரு பேச்சுக்கு சாதா ரவுண்டு உங்க ரிவால்வர்ல தாங்கிச் சுட்டா 50 மில்லிமீட்டர் குரூப் போடுது, வாட்கட்டர் 30 போடுதுன்னு வைங்க. உங்க கை அசைவு மட்டும் 150 மில்லிமீட்டர், அதாவது எல்லாம் 8க்குள்ள நிக்குத ஆளு நீங்க. கை தப்பும் ரவுண்டு தப்பும் நேரா கூடாது, ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் போடணும். அப்படிப் போட்டா சாதா ரவுண்டுல மொத்தம் 158, வாட்கட்டர்ல 153. அஞ்சே அஞ்சு மில்லிமீட்டர் வித்தியாசம்! அதுவே கை 75 மில்லிமீட்டருக்கு வந்துட்ட ஆளுன்னா 90க்கும் 81க்கும் வித்தியாசம், அங்க மார்க்ல தெரியும். அப்ப நல்ல ரவுண்டு, நல்லா சுடுதவனுக்குத்தான் வேலை செய்யுது. 8க்கும் 7க்கும் அலையுத நிலைமையில இருக்கவங்க அந்தக் காச ரெண்டு மடங்கு கேஎஃப் வாங்கிப் பழகுததுல போட்டா ஸ்கோர் தானா ஏறும். ரேப்பிட் டார்கெட்ல 10 வளையம் 100 மில்லிமீட்டர், அங்க இன்னும் வித்தியாசம் கம்மி, ட்ரிகர இழுக்குத நேரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

அடுத்து பலரும் யோசிக்காத விஷயம், சைட், அதாவது குறி பாக்குத முள்ளு. ரவுண்டு மாறுனா குண்டு போய் விழுத எடமும் மாறும். வேகம் கம்மியான புல்லட் பேரலுக்குள்ள கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கும், அதுக்குள்ள ரீகாயில்ல (பின்னுதைப்பு) பேரல் தூக்கிரும், அதனால மேல போய் விழும். அட்ஜஸ்டபிள் சைட் இருந்தா திருகிச் சரி பண்ணிரலாம். ஆனா நம்ம ஆட்கள் கையில பெரும்பாலும் இருக்கது கான்பூர் ஐஓஎஃப் (அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை) ரிவால்வர், சின்ன பேரல், அசையாத சைட், தற்காப்புக்குன்னு செஞ்சது. 2014ல வந்த நிர்பீக்ங்கத ரிவால்வர் அர கிலோதான், கைப்பையில வைக்க கொள்ளாம், மேட்சுக்கு ஒத்துவராது. அசையாத சைட்ல கேஎஃப் நடுவுல விழுது, வாட்கட்டர் அஞ்சு செண்டிமீட்டர் தள்ளி விழுதுன்னா, மேட்ச் முழுக்க கண்ண ஒரு எடத்துல வச்சு வேற எடத்துல அடிக்கணும். அந்த வேதனைக்கு சைட் எந்த ரவுண்டோட ஒத்துப்போவுதோ அதையே சுடுங்க, பேரு எதுவா இருந்தாலும். போட்டி அன்னைக்கு மட்டும் சுடுததுக்குன்னு ரெண்டு பாக்ஸ் ஃபாரின் வாங்கிப் பூட்டி வைக்குதது சுத்தமா வீண், பழகுனது ஒண்ணு சுடுதது ஒண்ணுன்னு ஆயிரும்.

ஃபாரின் பிராண்டுக்குள்ள எது மேலன்னு கேட்டா, என் சாய்வு லாபுவா பக்கம், பிஸ்டல்காரங்க பல வருஷமா நம்புத ரவுண்டு. ஆனா உங்க ரிவால்வருக்கு ஃபியோக்கியோ செல்லியரோ பிடிச்சுப் போச்சுன்னா நான் சொல்லுதத விட்டுருங்க, இரும்பு சொல்லுததுதான் சரி. எது வாங்குனாலும் பாக்ஸ்ல லாட் நம்பர் (ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி) பாத்து ஒரே லாட்ல சீசனுக்கு வேணுங்கத மொத்தமா எடுங்க, லைசென்ஸ்ல எழுதியிருக்க எண்ணிக்கைக்குள்ளதான் எடுக்க முடியும்னு தெரியும்லா, அதுக்குத் தகுந்த மாதிரி பழக்கத்துக்கு எவ்வளவு மேட்சுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக்கிடுங்க. வெளிநாட்டு ரவுண்டு எல்லா ஆம்ஸ் டீலர்ட்டயும் எப்பவும் இருக்காது, இந்த வருஷம் கெடச்ச பிராண்ட் அடுத்த வருஷம் கெடைக்காமப் போவலாம், கேஎஃபுக்கு இருக்க பெரிய பலமே தொடர்ந்து கெடைக்குததுதான். செம்பு மாதிரி உலோக ஜாக்கெட் போட்ட புல்லட் எவ்வளவு நல்லா சுட்டாலும் வாங்கிராதீங்க, மேட்ச் ரூல்படி ஈயம் மாதிரி மிருதுவான புல்லட் மட்டும்தான் அனுமதி.

ரெண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒண்ணு இருக்கு, சத்தம் கம்மியா "புஸ்"னு கேட்டா அடுத்த ஷாட்ட சுடாதீங்க. மெதுவான ஈய ரவுண்டுல பவர் கொறஞ்சா புல்லட் பேரலுக்குள்ளயே நின்னுரும், அதுக்குப் பின்னால அடுத்ததச் சுட்டா பேரல் வீங்கும், கையும் போவலாம். ரேப்பிட் ஸ்டேஜ் வேகத்துல இது மறந்து போவும். துப்பாக்கிய டார்கெட் பக்கமே வச்சுக்கிட்டு மத்தக் கையத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரக் கூப்பிடுங்க, மார்க் போனா போவுது.

கடைசியா நம்மூர் காத்து. ரெண்டு பருவமழையும் பெய்யுத மாவட்டம் இது, ஜூன்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, போதாததுக்கு குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காத்து. பித்தளை கேஸ் கருக்கும், ஈயத்து மேல வெள்ளையாப் பூக்கும். வாட்கட்டர்ல புல்லட் உள்ள அமுங்கி இருக்கதால பூத்தது சட்டுன்னு கண்ணுல படாது, எடுத்து மூஞ்சியப் பாருங்க. ரப்பர் வளையம் வச்ச காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க, ஜெல் நிறம் மாறுனா மாத்துங்க. துருப்பிடிக்கும்னு ரவுண்டு மேல எண்ணெய் தடவாதீங்க, ப்ரைமருக்குள்ள (ரவுண்டு அடியில தீப்பொறி குடுக்குத பகுதி) எறங்குனா வெடிக்காமப் போயிரும், தோல் பெல்ட்ல சொருகியும் வைக்காதீங்க, தோல்ல இருக்க அமிலம் பித்தளையப் பச்சையாக்கிரும். ரேஞ்ச் விட்டு வந்ததும் கைய சோப்பு போட்டு பச்சத் தண்ணியில கழுவிட்டுத்தான் சாப்பாட்டுல கை வைக்கணும், சுடுததெல்லாம் ஈயமாக்கும்.