பாபி வோமாக்கின் ‘தி பிரேவஸ்ட் மேன் இன் தி யுனிவர்ஸ்’: வருடக்கணக்கில் கேட்ட பிறகு

2012 ஜூனில் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் வெளியிட்ட ஆல்பம் இது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் மூத்த குரல்களில் ஒருவரான பாபி வோமாக்குக்கு அப்போது வயது 68. சொந்தப் பாடல்களோடு அவர் கடைசியாக ஓர் ஆல்பம் தந்தது 1994-இல். இடையில் 1999-இல் கிறிஸ்துமஸ் பாடல்களின் தொகுப்பு ஒன்று வந்தது. இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தவர் பித்தளைக் கருவிகளையும் பெரிய பேண்டையும் விட்டுவிட்டு ட்ரம் மெஷினும் சிந்தசைசரும் போட்ட மெத்தையில் உட்கார்ந்து பாடியிருக்கிறார். ‘ஓய்வாகக் கேட்க ஏற்ற எலக்ட்ரானிக் இசை’ என்று பல பட்டியல்களில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் கேட்டவர்களுக்கு அந்த அடையாளம் பாதிதான் பொருந்தும். வேகமும் பின்னணியும் ஓய்வானவை. குரல் அப்படி இல்லை. அறையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடவிட்டால், ‘ப்ளீஸ் ஃபர்கிவ் மை ஹார்ட்’ வரும் இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் பிறந்து, அண்ணன் தம்பிகளோடு தேவாலயப் பாடல் பாடி வளர்ந்தவர். புகழ்பெற்ற சோல் பாடகர் சாம் குக் தன் எஸ்ஏஆர் இசைப்பதிவு நிறுவனத்தில் அந்தக் குழுவைச் சேர்த்து, ‘தி வாலன்டினோஸ்’ என்று பெயர் மாற்றினார். 1964-இல் அவர்கள் பாடிய ‘இட்ஸ் ஆல் ஓவர் நௌ’ பாடலை ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாடியபோது, பிரிட்டனில் ஸ்டோன்ஸுக்குக் கிடைத்த முதல் முதலிடம் அதுவே. வோமாக் இடது கைக்காரர், வலது கைக் கிடாரை நரம்பு மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். பெயர் சொல்லும் ஆல்பங்கள் ‘அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட்’ 1972, ‘தி பொயட்’ 1981. பிறகு போதை, நோய், நீண்ட மௌனம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் டேமன் ஆல்பர்ன், தன் கொரில்லாஸ் குழு 2010-இல் வெளியிட்ட ‘ஸ்டைலோ’ பாட்டுக்காக அவரை அழைத்தார். அந்த ஒரு பாட்டில் அவர் கத்திய கத்தலிலிருந்துதான் இந்த ஆல்பம் முளைத்தது.

தயாரிப்பு ஆல்பர்னும் எக்ஸ்எல் நிறுவனத்தின் ரிச்சர்ட் ரஸ்ஸலும். அமெரிக்கக் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரானுக்கு ரஸ்ஸல் தயாரித்த ‘ஐ’ம் நியூ ஹியர்’ (2010) கேட்டவர்களுக்கு ரஸ்ஸலின் கை பிடிபடும்: வறண்ட தாளம், நிறைய வெற்றிடம், நடுவில் எந்தப் பூச்சும் இல்லாத வயதான குரல். இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம், கில் பெரும்பாலும் பேசுகிறார், வோமாக் பாடுகிறார். பேசும் குரலில் விரிசல் தெரிந்தால் அது தோரணையாகிவிடும். பாடும் குரலில் விரிசல் வந்தால் சுருதி கேள்விக்குள்ளாகிறது. வோமாக் உச்சத்தில் கிழிகிறார், மூச்சுக்குத் திணறுகிறார், ஆனால் சுருதிக்குக் கீழே போவது அபூர்வம். தயாரிப்பாளர்கள் அந்தக் கிழிசலை மறைக்க முயலவே இல்லை. இந்த ஆல்பம் இன்றும் நிற்பதற்கு முதல் காரணம் அதுதான் என்பேன்.

இனி கேட்கும் முறை. பலர் ஏமாந்தது இங்கேதான்.

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்டு முடிவு சொல்ல வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பகுதி காணாமல் போகும். சாதாரண சோல் ஆல்பத்தில் கிடாரும் ட்ரம்பெட்டும் நடுப்பகுதியை நிரப்புவதால் இழப்பு அவ்வளவு தெரியாது. இங்கே நடுப்பகுதியில் குரலும் கொஞ்சம் பியானோவும்தான். கீழே இருக்கும் பேஸ் (தாழ்ந்த ஒலி) போய்விட்டால், ஒரு கிழவர் வெறும் டிக்-டிக் சத்தத்துக்கு மேல் கத்துவது மாதிரி கேட்கும். “தாளம் மெலிசாக இருக்கிறது” என்று குறைப்பட்டவர்களில் பாதிப்பேர் இப்படிக் கேட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

காதுக்குள் செருகும் இயர்போன் போதும், விலை முக்கியமில்லை. ஆனால் ரப்பர் முனை காதை முழுக்க அடைக்க வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். பெட்டியில் வந்த மூன்று அளவு முனைகளையும் போட்டு, முதல் பாட்டின் தாளம் எதில் கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றிய கவலை இதற்கு அப்புறம்தான். முனை சரியாக அடைக்காத இயர்போனில் எல்டிஏசி மாதிரி உயர்தரக் கோடெக் வைத்தும் பயனில்லை.

அறையில் ஸ்பீக்கர் என்றால், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப் பெருத்து, வோமாக்கின் குரலின் அடிப்பகுதியை மூடிவிடும். அரை மீட்டர் முன்னால் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். பேஸுக்கென்றே தனியாக சப்-ஊஃபர் இருந்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அதற்குப் பிரித்துக் கொடுத்து, அதன் ஒலியளவைக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். ஈக்வலைசரில் பேஸைக் கூட்ட நினைத்தால் 60-80 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் போதும். உச்சக் குரல் காதைக் குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே 1 முதல் 2 டெசிபல் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் அந்தக் கரகரப்பே போய்விடும். பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்பதில் அர்த்தம் இல்லை.

இரவில் மெல்ல வைத்துக் கேட்பவர்களுக்கு ஒன்று. ஒலியளவு குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். ஆம்ப்ளிஃபையரில் ‘லௌட்னஸ்’ பொத்தான் இருந்தால் அதைப் போட வேண்டிய நேரம் அதுதான். பகலில் சத்தமாக வைக்கும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் மூன்று அமைப்புகளைப் பார்க்க வேண்டும். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் கூடாது. ‘ஸ்டுபிட் இன்ட்ரொலூட்’ என்ற சிறு துண்டில் வருவது கில் ஸ்காட்-ஹெரானின் குரல். அவர் 2011 மே மாதம் இறந்துவிட்டார். அந்தத் துண்டு, தொலைக்காட்சிப் பிரசங்கிகளைச் சாடும் ‘ஸ்டுபிட்’ பாட்டுக்கு வாசல். தனியாக எங்கோ வந்து விழுந்தால் இரண்டுமே வீண். அடுத்தது, ஒரு பாட்டின் முடிவோடு அடுத்ததன் தொடக்கத்தைக் கலக்கும் க்ராஸ்ஃபேட் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே விட்டிருக்கும் மௌனம் வேண்டுமென்றே விட்டது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பாட்டிஃபை ஒலியளவைச் சமன்படுத்தும்போது, முழு ஆல்பமாகப் போட்டால் ஆல்பம் மொத்தத்துக்கும் ஒரே அளவு கூட்டிக் குறைக்கும். பிளேலிஸ்ட்டில் போட்டால் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன்படுத்தும். ‘டீப் ரிவர்’ ஒரு பழைய ஆன்மிகப் பாடல், குரலும் கிடாரும் மட்டும். அது தாழ்ந்த ஒலியில் வருவதுதான் அழகு. பிளேலிஸ்ட்டில் அது பக்கத்துப் பாட்டின் உயரத்துக்கு ஏற்றப்பட்டு, அந்தரங்கம் போய்விடுகிறது.

இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வோமாக்கின் இயல்பான கரகரப்பும் அழுக்கு ஊசி தரும் கரகரப்பும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்தறிய வழி உண்டு. தட்டு முழுக்க ‘ஸ’ ஒலி எச்சில் தெறிப்பதுபோல் கேட்டால் ஊசியைச் சுத்தம் செய்யுங்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் அப்படி இருந்தால் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணத்தையும் ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடையையும் பாருங்கள். கார்ட்ரிட்ஜைத் தயாரித்த நிறுவனம் சொன்ன எடைதான் கணக்கு. பரவலாகக் கிடைக்கும் ‘மூவிங் மேக்னெட்’ வகைக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு அது 2 கிராம் பக்கத்தில் இருக்கும். டிஜிட்டலிலும் அதே இடத்தில் அதே கிழிசல் இருந்தால் அது பாடகருடையது, தொட வேண்டாம். ‘டீப் ரிவர்’ ஓடும்போது அடியில் ‘ம்ம்’ என்று மின்சார இரைச்சல் கேட்டால், டர்ன்டேபிளின் எர்த் கம்பி ஆம்ப்ளிஃபையரோடு சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற பாட்டுகளில் பேஸ் அதை மறைத்துவிடும்.

பாட்டு பாட்டாகப் பார்த்தால், வருடங்கள் போகப் போக முதல் பாதியின் மதிப்பு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. தலைப்புப் பாடல் தொடங்கும் விதம் முக்கியம்: முதலில் தந்திக்கருவி, அப்புறம் குரல், பிறகுதான் தாளம். முதலில் மன்னிப்பவனே துணிந்தவன் என்கிற அந்தப் பாட்டின் கருத்தை, அடுத்த பாட்டில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சோதிக்கிறார். சாம் குக் இறந்த சில மாதங்களில் அவருடைய மனைவியை மணந்து, அந்தக் காலத்து சோல் உலகத்தின் வெறுப்பைச் சம்பாதித்தவர் இவர் என்று தெரிந்து கேட்டால் இந்த இரண்டு பாட்டும் வேறு கனத்தில் இறங்கும். ‘டேக்லோ ரிஃப்ளெக்ஷன்’ அந்தச் சாம் குக்கின் பேட்டிக் குரலோடு தொடங்குகிறது: பாடகருக்கு வயது ஏற ஏற, தான் சொல்ல வந்தது இன்னும் ஆழமாகப் புரிகிறது என்கிறார். அமெரிக்கப் பாடகி லானா டெல் ரே அதில் பாடியதைப் பற்றித்தான் வெளியான போது பேச்செல்லாம். அவர் பங்கு அழகுதான். ஆனால் வருடங்கள் கழித்து மனத்தில் தங்குவது குக்கின் அந்தச் சில வரிகள்.

பின்பாதி ஏற்றத்தாழ்வானது. மாலி நாட்டுப் பாடகி ஃபட்டூமாட்டா டியவாரா சேரும் ‘நத்திங் கேன் சேவ் யா’ நன்றாக வயதாகியிருக்கிறது. இரண்டு குரலும் ஒன்றையொன்று முந்தவில்லை. ‘லவ் இஸ் கோனா லிஃப்ட் யூ அப்’ நடன வேகத்தில் ஓடுகிறது, அதன் ட்ரம் மெஷின் தாளம் இன்று 2012-இன் தேதி முத்திரையோடு கேட்கிறது. கடைசிப் பாட்டான ‘ஜூபிலி’யில் பழைய தேவாலயப் பாடலுக்கு அடியில் படபடக்கும் எலக்ட்ரானிக் தாளம். யோசனை சரி, நேரம் போதவில்லை. சூடு பிடிக்கும்போது முடிந்துவிடுகிறது. மொத்த ஆல்பமே நாற்பது நிமிடத்துக்குள்தான். இன்னும் இரண்டு நிமிடம் இதற்குத் தந்திருக்கலாம்.

வோமாக்கை முதன்முதலாகக் கேட்கப்போகிறவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம். ‘அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட்’ தலைப்புப் பாடலையும், ‘தி பொயட்’ ஆல்பத்தின் ‘இஃப் யூ திங்க் யூ’ர் லோன்லி நௌ’வையும் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் குரலில் என்ன இருந்தது, என்ன போனது, எது மிஞ்சியது என்பது தெரியும். பெரிய பேண்ட், பெண் குரல் கோரஸ், பித்தளை எல்லாம் இருந்தால்தான் சோல் என்பவர்கள் ‘தி பொயட்’டோடு நின்றுகொள்ளலாம். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள், ‘ஜூபிலி’ முடிந்த கையோடு செயலி வேறு யாரையாவது பாடவிட்டுவிடும்.